தயிர்சாதத்தில் கலந்த சம்மதம்

1

எங்கள் வீட்டாரைத் தவிர ஊரில் யாராவது "அங்கே என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரி மாதிரி ஓரிடம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். ஆஸ்பத்திரி இல்லை, முதியோர் இல்லம். வட இங்கிலாந்தில், வெயில் அடிக்கும் நாளை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. பெற்றவர்களை இல்லத்தில் கொண்டுபோய் விடும் வெள்ளைக்காரர்களைப் பற்றி நம் ஊரில் என்னென்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியும். நானும் பேசியவள்தான். அப்படிப்பட்ட இடத்தில்தான் சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்ல நாக்கு எழாமல் பதினெட்டு வருடம் மழுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது என் அப்பாவே கும்பகோணத்தில் ஓர் இல்லத்தில் இருக்கிறார். போன மாதம், அவர் அங்கே போய் ஒரு வருடம் முடிந்த வாரத்தில், நான் அவரோடு இருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இருக்கிறது.

என் வேலை மாத்திரை கொடுப்பது. காலையில் ஒரு தள்ளுவண்டியைப் பூட்டுத் திறந்து எடுத்துக்கொண்டு, சிவப்பு நிறத்தில் கையில்லாத அங்கி ஒன்றை மாட்டிக்கொள்வேன். அதன் முதுகில் "மருந்து கொடுக்கிறேன், என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எழுதியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டால் மேனேஜர்கூட என்னிடம் பேசக்கூடாது. வீட்டில் அப்படி ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததுண்டு.

இருபத்தெட்டுப் பேர். ஒவ்வொருவர் தாளிலும் அவர் புகைப்படம் ஒட்டியிருக்கும். பெயரைக் கேட்டு, படத்தைப் பார்த்து, மாத்திரையின் பெயரையும் அளவையும் படித்து, என்ன மாத்திரை என்று அவரிடமே சொல்லி, தண்ணீர் கொடுத்து, அவர் விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுத வேண்டும். வயது வந்த ஒருவர் வேண்டாம் என்று சொன்னதை வேண்டும் என்று மாற்ற எனக்கு உரிமை கிடையாது. ஆண்டுக்கொரு முறை இதற்குப் பரீட்சை வைப்பார்கள். ஒரு தடவைகூட நான் தோற்றதில்லை.

வந்த புதிதில் ஒரு கிழவியிடம் நம் வழக்கப்படி "மாத்திரையைப் போடுங்கள்" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மாத்திரையைத் தட்டில் போட்டார். மறுபடி சொன்னேன். மறுபடி எடுத்துப் போட்டார். மூன்றாம் முறை இருவரும் சிரித்துவிட்டோம். இப்போது அந்த இல்லத்துக்கு வருகிற புதியவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். இதையெல்லாம் பீற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள வழியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2

டோரீன் என்று ஒருவர் எங்கள் இல்லத்தில் இருக்கிறார். தொண்ணூறு வயது. தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். மறதி நோய் முற்றிவிட்டது. பங்குனி வாக்கில் திடீரென்று முரட்டுத்தனம் வந்தது. வாயருகே கரண்டியைக் கொண்டுபோனால் தட்டிவிடுவார், குளிக்கவைக்கப் போனவளைக் கிள்ளினார், மாத்திரையைத் துப்பினார். மூளையை அமைதிப்படுத்த ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா என்று பேச்சு வந்தது.

அந்த வாரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், டோரீனின் வழக்கமான மாத்திரைகளை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து நசுக்கி, கஸ்டர்டில் கலந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். கிண்ணத்தைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினேன். பிடுங்கியது கொஞ்சம் அதிகம்தான், அந்தப் பெண் அழுதுவிட்டாள். ஆனால் நசுக்கினதில் ஒன்று, முழுதாக விழுங்கினால் நாள் பூராவும் மெல்ல மெல்லக் கரைய வேண்டியது. பொடி செய்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறும். அதைவிட முக்கியமாக, டோரீனுக்குத் தெரியாமல் டோரீனின் வயிற்றுக்குள் எதையும் அனுப்பக்கூடாது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டர், மருந்தாளுநர், குடும்பத்தார், நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, ஏன் என்று எழுதி, எப்போது மறுபடி பார்ப்போம் என்று தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். நான்கு பக்கப் படிவம் அது.

கூட்டம் நடந்தது. டோரீனின் மகன் போனில் இருந்தார். "அம்மா அமைதியாக இருந்தால் சரி, கொடுத்துவிடுங்கள்" என்றார். நான் சும்மா இருக்கவில்லை. "உங்கள் அம்மா எதற்காக வாயை மூடுகிறார் என்று நாம் இன்னும் கேட்கவே இல்லையே" என்றேன். எனக்கு அப்போது நல்ல ஆங்கிலம் வந்தது. கோபத்தில் எனக்கு எப்போதும் நல்ல ஆங்கிலம் வரும். பல் டாக்டரை வரவழைத்துப் பார்த்தால், பல் செட்டுக்கு அடியில் ஈறில் பெரிய புண். புண் ஆறியது, டோரீன் பழையபடி ஆனார். அமைதி மாத்திரை எழுதப்படவே இல்லை.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னை "எங்கள் இல்லத்தின் மனசாட்சி" என்றார். அறிவிப்புப் பலகையில் என் படத்தை ஒட்டினார்கள். ஒரு பெட்டி சாக்லேட் கொடுத்தார்கள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வந்தேன்.

3

அன்று சனிக்கிழமை. என் மகள் நிலா கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். பத்தொன்பது வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இப்படியே எங்கள் வீட்டுப் பேச்சு பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சிறு வயதில் தாத்தாவோடு போனில் மணிக்கணக்காகப் பேசியவள், இப்போது "ஹாய் தாத்தா" என்று கையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. சில மாதங்களாக அந்தப் பக்கத்திலும் பேச்சு இல்லை.

மதியச் சாப்பாட்டில் டோரீன் கதையைச் சொன்னேன். கிண்ணத்தைப் பிடுங்கியதை நடித்தே காட்டினேன். நிலா சாக்லேட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, அபூர்வமாகத் தமிழில் பேசினாள்.

"அம்மா, தாத்தாவுக்கும் தயிர்சாதத்துலதான கலக்குறாங்க? அந்த நர்ஸ் அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டாங்களே, நான் கேட்டேன். தாத்தாகிட்ட யாராவது கேட்டாங்களா?"

"அது வேற, இது வேற" என்றேன்.

"என்ன வேற?"

"உனக்கு ஊரு நிலவரம் தெரியாது. அங்க இருக்குற ஆளு பலத்துக்கு இதெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. பெரிய மனுஷி மாதிரி பேசாத, சாப்புடு."

அவள் சாக்லேட்டை மூடி என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாள். நான் கொஞ்ச நேரம் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, போனில் பழைய செய்திகளைத் தேடிப் பின்னோக்கிப் போனேன்.

4

அம்மா இறந்த பிறகு அப்பா வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அடுப்பை எரியவிட்டுவிட்டு வயலுக்குப் போனார், இரண்டு முறை வழி தெரியாமல் நின்றார். தம்பி சேகர் திருப்பூரில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறான். அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். நான் இங்கே. போனில் ஒருவர் மீது ஒருவர் எரிந்து விழுந்த பிறகு, தாராசுரம் போகிற வழியில் இருக்கும் இந்த இல்லத்தை முடிவு செய்தோம். சுத்தமான இடம். இருபது பேர்தான். கஸ்தூரி என்று ஒரு நர்ஸ், முப்பது வயது இருக்கும், எல்லோரையும் ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

ஆனியில் போனார். அடுத்த மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தது. அந்தப் பேச்சு எப்படியோ காதில் விழுந்துவிட்டது. "மேட்டூர் தொறந்தாச்சாம், மடையைப் போயிப் பாக்கணும்" என்று வாசல் கேட்டுக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். இல்லத்தின் பின்னால் தென்னை மரங்களுக்குப் போகிற சின்ன வாய்க்கால் ஒன்று உண்டு. தோட்டக்காரர் அதை மண்ணால் மறித்து ஒரு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். அப்பா அதைப் பார்த்துவிட்டார். "மறிச்சுட்டானுங்க, மறிச்சுட்டானுங்க" என்று கத்திக்கொண்டே கையாலேயே மண்ணைப் பறித்து உடைத்துவிட்டார். தண்ணீர் வராந்தாவுக்கு வந்தது. ஓர் அம்மா வழுக்கி உட்கார்ந்துவிட்டார், நல்லவேளை அடி இல்லை. மறுவாரம் மறுபடி உடைத்தார். தடுத்த தோட்டக்காரரை அடிக்கக் கை ஓங்கினார்.

வாரம் ஒரு முறை வருகிற டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். டோரீனுக்குக் கொடுக்கலாமா என்று பின்னால் இங்கே பேசினோமே, அதே வகை. அப்பா சாப்பிட மறுத்தார். அப்போது கஸ்தூரி எனக்குக் குரல் செய்தி அனுப்பினாள். நிலா கேட்டதாகச் சொன்னது இதைத்தான். நான் பாத்திரம் கழுவிய கையோடு மறுபடி கேட்டேன்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா. ஐயா மாத்திரை போட மாட்டேங்கிறாருக்கா. கையில குடுத்தா ரெண்டு கட்டை விரலையும் உள்ள மடக்கி, கையைக் கொண்டுபோயி அக்குள்ள வச்சுக்கிறாரு. வாயைத் தொறக்கவே மாட்டேங்கிறாரு. பொடி பண்ணி தயிர்சாதத்துல கலந்து குடுக்கட்டுமாக்கா? வீட்டுல சம்மதம் கேட்டுட்டுக் குடுக்கச் சொல்றாங்க."

அதற்குக் கீழே என் பதில் இருந்தது. ஒரு வார்த்தைகூட இல்லை. கட்டை விரலை உயர்த்திக் காட்டும் அந்த மஞ்சள் படம், ஒன்றே ஒன்று.

அந்தப் பதிலை அனுப்பியபோது நான் இடைவேளையில் இருந்தேன். கையில் தேநீர், தோளில் அந்தச் சிவப்பு அங்கி.

இல்லத்தின் மீது பழி போடலாம் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. முடியவில்லை. அவர்கள் கேட்டார்கள். எத்தனையோ இடங்களில் கேட்காமலே செய்வார்கள். கேட்கப்பட்டவள் நான். இருபத்தெட்டு வெள்ளைக்காரர்களின் ஒவ்வொரு மாத்திரையையும் ஏன், எதற்கு என்று கேட்கிறவள், பெற்ற அப்பாவுக்கு ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளைக்கு என்று எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் அமைதி. காணொளியில் அழைத்தால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வாயோரம் துடைத்துவிட்டிருப்பார்கள். மேட்டூர், மடை எதுவும் இல்லை. சேகர் கூப்பிட்டு, "அப்பா இப்ப தொந்தரவே இல்லையாம்க்கா, நல்லபடியா இருக்காராம்" என்றான். "ஆமாடா, நல்லா ரெஸ்ட் எடுக்குறாங்க" என்று நானும் சொன்னேன். மாதக்கணக்காக இப்படிச் சொன்னேன். ஒரு நாள் குளியலறைக்குப் போகும்போது விழுந்துவிட்டார் என்றார்கள். வயதாகிவிட்டது, விழுவதுதான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் இல்லத்தில் ஒருவர் விழுந்தால் முதல் வேலையாக நான் மாத்திரைத் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

5

கட்டை விரலை உள்ளே மடக்கி, கையை அக்குளில் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கும் சேகருக்கும். அந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

கழக ஆட்சி வந்த புதிது. நான் தொட்டிலில் கிடந்தேன். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்களின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்திலிருந்து லேசில் இறக்க முடியாது. அதனால் பெரிய பண்ணைகள் முந்திக்கொண்டன. "நான் குத்தகைதாரன் இல்லை, கூலிக்கு உழுகிறவன்" என்று எழுதி வைத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கட்டை விரல் ரேகை வாங்கினார்கள். அப்பா ஒன்பது மா குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார், அதாவது மூன்று ஏக்கர். அவரும் பெரியப்பாவும் அடுத்தடுத்த வயல்.

பண்ணையின் காரியக்காரர் வந்த நேரத்தில் அப்பா டைபாய்டு ஜுரத்தில் பாயில் கிடந்தார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கை நடுங்குகிறதே, ரேகையே போதும் என்று மைப்பெட்டியைத் திறந்தார்களாம். "உங்க அண்ணனே வச்சுட்டாருய்யா, நீ ஒருத்தன் முரண்டு புடிச்சு என்ன ஆகப்போவுது?" என்று சொன்னார்களாம். அது பொய். பெரியப்பாவை அதுவரை பார்க்கவே இல்லை. அப்பாவுக்குப் பேசத் தெம்பில்லை. இரண்டு கட்டை விரலையும் மடக்கி, மூடிய கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டு பேர் இழுத்துப் பார்த்தும் கை வரவில்லையாம். அம்மா இதை நடித்துக் காட்டும்போது விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார். "எனக்குத் தெரியாம எம் பேருல ஒண்ணு நடக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்பார்.

பெயர் பதிவேட்டில் ஏறியது. அந்த வருடமே பண்ணை ஆட்கள் எங்கள் வயலுக்கு வருகிற மடையை மண் போட்டு மறித்தார்கள். நட்ட பயிர் காய்ந்தது. அப்பா போய் உடைப்பார், அவர்கள் வந்து மறிப்பார்கள். இரண்டு போகத்துக்கு மடையிலேயே காவல் கிடந்தார், ஒரு முறை மண்டை உடைந்து தையல் போட்டார்கள். அவர் ஒன்றும் மகான் இல்லை. எங்கள் வயலில் நடவுக்கு வந்தவர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டபோது, பண்ணை பேசிய பேச்சையே அவரும் பேசியிருக்கிறார். ஆனால் அந்த மடை விஷயத்தில் அவர் தோற்கவில்லை.

கும்பகோணத்தில் மறிச்சுட்டானுங்க என்று அவர் எதைக் கத்தினார் என்று ஒரே ஒரு போன் பேசி நான் சொல்லியிருக்கலாம். வாய்க்காலில் மண் போட வேண்டாம், ஒரு பலகையைச் செருகுங்கள், அவரையே திறக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கஸ்தூரியின் செய்தியில் விரலை மடக்குகிறார் என்று கேட்டபோது என் உதட்டில் சிரிப்பு வந்தது நினைவிருக்கிறது. அப்பா மாறவே இல்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே அந்தப் படத்தைத் தட்டினேன். இதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. மறந்து செய்யவில்லை, நினைவு வைத்துக்கொண்டே செய்தேன்.

6

விடுப்புக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற கட்டத்தில் "தந்தையின் மருந்துகளைச் சரிபார்க்க" என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு, "குடும்பக் காரணம்" என்று எழுதினேன். நாள்கள் ஒத்துவர வைகாசி கடைசி ஆகிவிட்டது. அதற்குள் தினமும் போன் செய்து மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரேயடியாக நிறுத்தக்கூடாத மாத்திரை, டாக்டர் பார்த்துத்தான் குறைக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். காரணம் உண்மைதான். ஆனால் டாக்டரிடம் பேசினால், யார் சம்மதித்தது என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்தேன்.

போய்ச் சேர்ந்த அன்று அப்பா என்னைப் பார்த்தார். பார்வை என் மேல் நிற்காமல் சுவருக்குப் போனது. கையைப் பிடித்தேன். விரல்கள் விரிந்து, துணி மாதிரி கிடந்தன. யார் வேண்டுமானாலும் எந்தத் தாளிலும் அந்த ரேகையை வாங்கியிருக்கலாம்.

மறுநாள் கஸ்தூரியோடு உட்கார்ந்து, இங்கே செய்வதுபோல் மாத்திரைப் பட்டைகளையெல்லாம் மேசையில் பரப்பினேன். மருந்துக் கடைக் கவர்களில் 1-0-1, 1-0-0 என்று எழுதியிருந்தது. ரத்த அழுத்தத்துக்குத் தஞ்சாவூர் டாக்டர் ஒன்று எழுதியிருந்தார், சேகர் எப்போதோ கூட்டிக்கொண்டு போனது. இங்கே வருகிற டாக்டரும் ஒன்று எழுதியிருந்தார். இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிப் பெயர்தான் வேறு. இரண்டையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் விழாமல் என்ன செய்வார்?

கஸ்தூரி முகம் வெளுத்துவிட்டது. "டாக்டருங்க எழுதினதை நாம எப்படிக்கா நிறுத்துறது? புதுசா எழுதினா சேர்த்துக்குவோம். பழசை நிறுத்துங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"உன் மேல தப்பு இல்ல, கஸ்தூரி. வீட்டுக்காரங்க நாங்க பாத்திருக்கணும்."

டாக்டர் வந்தார். பெரியவர், பொறுமையானவர். ஒரு ரத்த அழுத்த மாத்திரையை அங்கேயே அடித்தார். அமைதி மாத்திரையைப் பாதியாக்கி, இரண்டு வாரம் பார்த்து, பிறகு நிறுத்தலாம் என்றார். "ஆறு வாரத்துக்கு மேல தேவையான்னு பாத்திருக்கணும்மா. வீட்டுலேர்ந்து யாரும் கேக்கல, நானும் அப்படியே விட்டுட்டேன்" என்றார். பிறகு, கலந்து கொடுப்பதற்கு யார் சம்மதித்தார்கள் என்று கஸ்தூரியிடம் கேட்டார்.

கஸ்தூரி கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். "உறவினர் சம்மதம்" என்று தலைப்பு. அதன் கீழே எங்கள் செய்திப் பரிமாற்றத்தைக் கலரில் அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். என் பெயர், பக்கத்தில் அந்த மஞ்சள் கட்டை விரல். கீழே தேதியும் இல்லத்தின் முத்திரையும்.

ஜுரத்தில் கிடந்தபோது இரண்டு பேர் இழுத்தும் அப்பா கொடுக்காத விரலை, அவர் பெயரில் நான் கொடுத்திருக்கிறேன். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க அங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஆஸ்பத்திரி மாதிரி ஓரிடம் என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிவிட்டு, உள்ளதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பை மூடினார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று கஸ்தூரியிடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஃபைல்ல ஒட்டினதைக் கிழிக்கக்கூடாதுக்கா" என்றாள். சரிதான். அதன் கீழேயே, "இந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இனி எதையும் அவரிடம் சொல்லிவிட்டே கொடுக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

7

மூன்று வாரம் இருந்தேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் தலை நிமிர்ந்தது. சாம்பாரில் உப்பு இல்லை என்று திட்டினார். சமையல்காரம்மா திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் வாரம், காலையில் நான் உள்ளே நுழையும்போது, ஜன்னலைப் பார்த்தபடி "தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மேட்டூர் தொறந்தாச்சுப்பா, இன்னும் ரெண்டு நாள்ல வந்துடும்" என்றேன். தோட்டக்காரரிடம் பேசி, தென்னை வாய்க்காலில் ஒரு பலகை போட்டிருந்தோம். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு போய் அதைத் தூக்குவதும் இறக்குவதுமாக அரை மணி நேரம் நின்றார்.

சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விடுக்கா, அவருக்குத் தெரியவாப் போவுது?" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

கிளம்புகிற அன்று மதியம் நானே தட்டில் தயிர்சாதம் பிசைந்து எடுத்துப் போனேன். எதிரில் உட்கார்ந்து ஒரு கவளம் நீட்டினேன். அப்பா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். இரண்டு கட்டை விரல்களும் மெதுவாக உள்ளே மடங்கின. கைகள் அக்குளுக்குள் போயின. வாயை மூடிக்கொண்டார்.

"வெறும் சாதம்தான்பா. ஒண்ணும் கலக்கல."

"முன்னாடி கலந்தீங்கள்ல?" என்றார். கண்ணில் தெளிவு இருந்தது. ஆனால் அவர் என்னோடு பேசவில்லை. இல்லத்தில் வேலை பார்க்கிற யாரோ ஒருத்தியோடு பேசினார். "எம் பொண்ணு சீமையில இதே வேலைதான் பாக்குது. பேரு செல்வி. அதுக்கு எல்லா மாத்திரையும் தெரியும். அதைக் கேக்காம எனக்கு எதுவும் கலக்காதீங்க. அது ஒத்துக்காது."

 இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. "அவளைக் கேட்டுத்தான் கலந்தாங்க, அப்பா. அவதான் கலக்கச் சொன்னா" என்றேன்.

அப்பா சிரித்தார். அந்தக் கதையை அம்மா எத்தனை முறை சொல்லியும் சிரிக்காதவர், இப்போது வாய் விட்டுச் சிரித்தார்.

"அப்படித்தான் சொல்லுவீங்க. அன்னைக்கும் இதைத்தான சொன்னான், உங்க அண்ணனே வச்சுட்டாருன்னு. எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுல யாரும் வைக்க மாட்டாங்க."

கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார். வெளியே கார் வந்துவிட்டது என்று கஸ்தூரி எட்டிப் பார்த்துச் சொன்னாள். கொஞ்சம் இருக்கச் சொன்னேன். நீட்டிய கவளத்தை நானே வாயில் போட்டு, அவர் பார்க்கும்படி மென்று விழுங்கினேன். இன்னொன்றும் சாப்பிட்டேன். அப்பா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தார்.